கணிதம் கற்ற பிள்ளையும் கணிப்பொறி மேற்படிப்பும்

 

பட்ட வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் மாதங்களில், நம் இல்லங்களில் ஆண்டு தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. "பிள்ளை பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டது. இனிக் கணிப்பொறி அறிவியலில் மேற்படிப்புப் படிக்க வழி இருக்கிறதா? அல்லது அந்தக் கதவு பதினேழு வயதிலேயே அடைபட்டுவிட்டதா?" கணிதம் என்ற இடத்தில் இயற்பியல், புள்ளியியல், மின்னணுவியல் என்று எதனையும் மாற்றி வைத்துக் கொள்ளலாம், வினா ஒன்றே.

இவ்வினாவுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் கதை இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரத்தக்க பெண்கள் கல்லூரியில் கணிதப் பிரிவில்தான் இடம் இருந்தது. அல்லது கணிப்பொறிப் பிரிவின் கட்டணம் கைக்கு எட்டவில்லை. அல்லது சவூதியிலிருந்த வாப்பா, "ஏதாவது ஒன்றில் சேர்த்து விடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். மூன்றாண்டுகள் கழிந்த பிறகே பிள்ளைக்குத் தன் நாட்டம் எதில் என்பது தெளிகிறது. அப்போது அக்கம்பக்கத்தில் கிடைக்கும் மறுமொழிகள் இரண்டு. "பாதை மாறிவிட்டது, இனி பி.எட். படித்து ஆசிரியையாகப் போகட்டும்" என்பது ஒன்று. "எல்லாம் கிடைக்கும், வெளிநாட்டிலேயே கிடைக்கும், முன்பணம் கட்டுங்கள்" என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொல்பவர் பெரும்பாலும் இடைத்தரகராக இருப்பார். முன்னவர் அறியாமல் சொல்கிறார். பின்னவர் அறிந்தே சொல்கிறார். இரண்டும் பிழையான மறுமொழிகளே.

கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் உள்ளே நுழைய விரும்பும் பிள்ளை, தன்னிடம் இல்லாத பாடங்கள் எவை என்று பெயர் சொல்லும் அளவுக்கு அறிந்திருக்க வேண்டும். அவற்றை நிரப்பிக் கொண்டதற்கான சான்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். இந்தத் திங்கள் நான் சொல்ல வந்தது இவ்வளவே. நானோ கலைப்பட்டதாரி, மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன், ஒரு வரி நிரல் எழுத அறியேன். ஆயினும் மக்தபில் ஓதிய பிள்ளைகள் வளர்ந்து கல்லூரி முடித்து, விண்ணப்பப் படிவங்களோடு வந்து நிற்கின்றனர். ஓர் அறிவிப்பை எழுத்தெண்ணிப் படித்துப் பொருள் சொல்வது எம் போன்றோர்க்குப் பழகிய பணி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அச்சம் தெளிய வேண்டும். கணிப்பொறி அறிவியல் என்னும் துறையே பிற துறையினர் வந்து குடியேறிய ஊர்தான். 1953-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றைத் தொடங்கிற்று. கணிப்பொறித் துறையில் உலகிலேயே முறையாகக் கற்பிக்கப்பட்ட முதற்படிப்பு அதுவே என்பர். அது யாருக்காக ஏற்பட்டது தெரியுமா? வேறு பாடங்களில் பட்டம் பெற்றவர்களுக்காக! கணிப்பொறி அறிவியலில் பட்டம் பெற்றவர் என்று ஒருவரும் அந்நாளில் உலகில் இல்லை. டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா இயற்பியல் படித்தவர். 1957-இல் தம் திருமணப் பதிவில் தொழில் என்ற இடத்தில் 'நிரலர்' என்று குறிப்பிட, அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் அலுவலர்கள் மறுத்துவிட்டனராம். 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்றே பதிவாயிற்று. 1972-இல் அவருக்குக் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த பரிசாகிய டூரிங் விருது கிடைத்தது.

நமக்கு அண்மையிலும் ஒருவர் உண்டு. ஆந்திர மண்ணில் பிறந்த ராஜ் ரெட்டி, சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958-இல் சிவில் பொறியியல் பட்டம் பெற்றவர். கட்டடமும் பாலமும் படித்தவர், 1966-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியலில் முனைவரானார். மனிதர் பேசுவதைக் கணிப்பொறிக்குப் புரிய வைக்கும் ஆய்வில் முன்னோடியானார். 1994-இல் டூரிங் விருதைப் பகிர்ந்து கொண்டார். பெண் பிள்ளைகளைப் பெற்றோர் பார்பரா லிஸ்காவின் பெயரையும் குறித்துக் கொள்ளுங்கள். 1961-இல் கணிதத்தில் இளநிலைப் பட்டம். 1968-இல் ஸ்டான்ஃபோர்டில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம். 2008-இல் அதே டூரிங் விருது.

அல்காரிதம் என்னும் சொல்லே, 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீயின் பெயரிலிருந்து பிறந்தது என்று நம் மேடைகளில் கேட்டிராதவர் இரார். பெருமைக்குரிய செய்திதான். எந்த நுழைவுத் தேர்விலும் அதற்கு மதிப்பெண் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெரியாரிடம் பின்னர் மீண்டும் வருவோம்.

மேற்கண்ட கதைகள் தைரியம் தரும். இடம் வாங்கித் தரா. டைக்ஸ்ட்ராவின் காலத்தில் கணிப்பொறிப் பட்டதாரியே கிடையாது. இன்றோ பி.சி.ஏ.வும் பி.எஸ்ஸி. கணிப்பொறியும் பி.இ. கணிப்பொறியும் முடித்தோர் வரிசையில் முன்னே நிற்கின்றனர். அவர்களுக்கு நடுவே கணிதம் படித்த உங்கள் பிள்ளையின் விண்ணப்பம் மேசைக்கு வரும்போது தேர்வுக் குழு இரண்டு ஐயங்களை எழுப்பும். இப்பிள்ளை முதற்பருவப் பாடத்தைத் தாங்குமா? கணிப்பொறி என்றால் என்னவென்று அறிந்துதான் வருகிறதா, வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வருகிறதா?

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்லுங்கள். இடப்பக்கத்தில், நல்ல பல்கலைக்கழகம் ஒன்றின் பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல் பாடத்திட்டத்தை வரிசையாக எழுதட்டும். வலப்பக்கத்தில், தான் படித்த பாடங்களையும் மதிப்பெண்களையும் அவற்றுக்கு நேராக எழுதட்டும். கணிதப் பிள்ளைக்கு வலப்பக்கம் வெறுமையாக இராது. தனிநிலைக் கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகியவை கணிப்பொறி அறிவியலின் அடித்தளமே அன்றோ! நிறுவல் எழுதிப் பழகிய மனம், பி.சி.ஏ. முடித்த பலரிடம் இல்லாத செல்வம். இல்லாதவை எவையென்றால் இவை: செய்திகளைத் தேடி எடுக்க வாகாக அடுக்கி வைக்கும் முறையாகிய தரவுக் கட்டமைப்பு, அல்காரிதங்களை வகுத்து அவற்றின் வேகத்தை அளத்தல், இயந்திரத்தின் உள்ளமைப்பு, ஒரே நேரத்தில் பல பணிகளை மேய்க்கும் இயக்கத் தளம், தரவுத்தளம், வலையமைப்பு. மின்னணுவியல் படித்த பிள்ளைக்கு நிலைமை ஏறத்தாழ நேர்மாறு. இயந்திரத்தின் உள்ளமைப்பு அதற்குத் தெரியும். தனிநிலைக் கணிதமும் தானியங்கிக் கோட்பாடும் தெரியா. புள்ளியியல் படித்த பிள்ளை தரவு அறிவியலுக்குப் பாதித் தொலைவு வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

வெற்றிடம் பெயர் பெற்றுவிட்டால் பாதி அச்சம் போய்விடும். எல்லாவற்றையும் ஓராண்டில் நிரப்ப இயலாது, தேவையும் இல்லை. இரண்டை மட்டும் ஆழமாகப் பிடிக்கச் சொல்வேன். ஒரே ஒரு நிரல்மொழியைத் தடுமாற்றமின்றி எழுதும் அளவுக்குக் கற்பது. அதைக் கொண்டே தரவுக் கட்டமைப்பையும் அல்காரிதங்களையும் கற்பது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டுமே பணம் கட்ட வேண்டும். சென்னைக் கணிதக் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தியுள்ள அல்காரிதப் பாடங்கள் அங்கே உள்ளன. கணிதப் பின்னணி உடையோர்க்கு மிகவும் ஏற்றவை. இன்னும் பட்டப்படிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேறொரு வழியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2021 முதல் இணையவழியில் தரவு அறிவியல் பட்டப்படிப்பு நடத்துகிறது. ஒரே நேரத்தில் இரு பட்டங்கள் பயில்வதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் இசைவளித்துவிட்டது. முழுப் பட்டம் முடியாவிடினும் அடித்தள நிலையை முடித்ததற்குச் சான்று கிடைக்கும். கடைத்தெரு மாடியில் மூன்று மாதத்தில் 'கம்ப்யூட்டர் கோர்ஸ்' முடித்துத் தரும் நிலையங்களைப் பற்றிக் கேட்கிறீர்களா? அலுவலக வேலைக்கு அது உதவக்கூடும். மேற்படிப்பு விண்ணப்பத்தில் அதற்கு எடை இல்லை.

அடுத்தது நோக்க அறிக்கை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும், உள்நாட்டில் சில ஆய்வுப் படிப்புகளும் 'ஏன் இப்படிப்பை விரும்புகிறீர்' என்று ஒரு கட்டுரை கேட்கும். நம் பிள்ளைகள் எழுதிக் கொண்டு வருபவற்றில் பத்துக்கு ஒன்பது, "சிறு வயது முதலே எனக்குக் கணிப்பொறியில் பேரார்வம்" என்றுதான் தொடங்கும். ஆர்வம் எல்லாருக்கும் உண்டு. அதைப் படிப்பவர் தேடுவது, பிள்ளை செய்த வேலை.

என்ன வேலை செய்வது என்று திகைப்போர்க்கு நம் வீட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஃபராயிள் என்னும் வாரிசுப் பங்கீட்டைக் கணக்கிடும் நிரல் ஒன்றை ஒரு மாணவி எழுதுவதாக வைத்துக் கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் எளிது. வாரிசுகளைக் கேட்பது, பங்குகளைச் சொல்வது, அவ்வளவுதானே? பிள்ளையில்லாத பெண் ஒருத்தி இறந்து, கணவரையும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரையும் விட்டுச் சென்றால் கணவருக்குப் பாதி. சகோதரிகள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. ஆறில் மூன்றும் ஆறில் நான்கும் சேர்ந்தால் ஆறில் ஏழு! உள்ள சொத்தை விடப் பங்கு மிகுந்துவிட்டது. விதியை அப்படியே எழுதிய நிரல் இங்கே இல்லாத சொத்தையும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். அவ்ல் என்னும் முறையை மதரஸாவில் ஓதியவர் அறிவர். பகுதியை ஆறிலிருந்து ஏழாக உயர்த்திக் கணவருக்கு ஏழில் மூன்றும் சகோதரிகளுக்கு ஏழில் நான்கும் தர வேண்டும். இந்நிலையை நிரல் தானே கண்டுபிடிக்க வேண்டும். இன்னும் பாருங்கள்: மூன்றில் ஒன்றைத் தசமத்தில் வைத்தால் 0.333 என்று நீண்டு எங்கோ நறுக்கப்படும். கடைசியில் கூட்டினால் முழுச் சொத்து வாராது. எனவே பின்னத்தைப் பின்னமாகவே வைத்துக் கணக்கிட வேண்டும். பாட்டனாரும் உடன்பிறந்த சகோதரர்களும் சேர்ந்து வாரிசாக நிற்கும் வழக்கில் ஹனஃபீ மத்ஹபில் ஒரு விடை, ஷாஃபிஈ மத்ஹபில் வேறு விடை. ஆகவே நிரல் முதலில் மத்ஹபைக் கேட்க வேண்டும். எழுதிய பின், பழைய நூல்களில் தீர்த்து வைத்துள்ள வழக்குகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து விடை ஒத்து வருகிறதா என்று சோதிக்க வேண்டும். அல்-குவாரிஸ்மீயின் இயற்கணித நூலிலும் கணிசமான ஒரு பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளே என்பது ஈண்டு நினைவு கூரத்தக்கது.

இம்மாணவி தன் கட்டுரையில், "என் பட்டப்படிப்பில் தரவுக் கட்டமைப்பு இல்லை, அதனை இன்ன பாடத்தின் வழி கற்றேன், கற்றதைக் கொண்டு இந்நிரலை எழுதினேன், முதல் வடிவத்தில் பங்குகள் முழுமையை மீறின, அதனை இவ்வாறு திருத்தினேன், இன்ன வகை வழக்கு இன்னும் எனக்குப் பிடிபடவில்லை" என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். ஃபராயிளின் பெயரையே கேட்டிராத பேராசிரியரும் நிமிர்ந்து உட்காருவார். குறையை மறைக்க வேண்டா. மதிப்பெண் பட்டியலில் அது எப்படியும் தெரியத்தான் போகிறது.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு சொல். ஜமாஅத் தலைவரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கடிதம் வாங்கி வருவோர் இருக்கின்றனர். பெரியவர்கள் மனம் உவந்து தருவார்கள். ஆனால் பிள்ளையின் கணிதத்தை அவர்கள் அறியார். வகுப்பில் கற்பித்த விரிவுரையாளர் எழுதும் பத்து வரிகளே பயன்படும். அவரிடமும் இறுதி நாளில் போய் நிற்காமல், ஒரு மாதம் முன்னதாகவே மதிப்பெண் பட்டியலையும் செய்த வேலையையும் கொடுத்துக் கேட்பதே மரியாதை.

இனி எந்தெந்தக் கதவுகள் என்று பார்ப்போம்.

நம்மவர்க்கு மிகவும் பழகியது எம்.சி.ஏ. முன்பு மூன்றாண்டாக இருந்த இப்படிப்பை 2020-21 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இரண்டாண்டாக்கியது. பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருந்தால் பி.எஸ்ஸி., பி.காம்., பி.ஏ. பட்டதாரிகளும் சேரலாம், கணிப்பொறிப் பின்னணி இல்லாதோர் இணைப்புப் பாடங்கள் சிலவற்றைக் கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு இதற்கு வழி. திருச்சி என்.ஐ.டி. முதலிய தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கு நிம்செட் என்னும் தேர்வு தனியே உண்டு. பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ ஒரு பாடமாக இருந்து, பொதுப் பிரிவினரும் இதர பிற்பட்டோரும் 60 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். அத்தேர்வின் 120 வினாக்களில் 50 கணிதம். மதிப்பெண்ணிலும் கணிதத்தின் பங்கே பெரிது. கணிதப் பிள்ளைக்கு இதைவிட இணக்கமான தேர்வு அரிது. ஆயினும் நம் ஊர்களில் இதன் பெயரை அறிந்தோர் சிலரே.

எம்.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியலில் கவனம் தேவை. பல கல்லூரிகள் பி.எஸ்ஸி. கணிப்பொறி அல்லது பி.சி.ஏ. முடித்தவர்களை மட்டுமே ஏற்கின்றன. தகுதி விதியைப் படிக்காமல் விண்ணப்பக் கட்டணம் செலுத்த வேண்டா. சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதக் கழகம் வேறு வகை. 1989-இல் தொடங்கிய இந்நிறுவனம் தன் எம்.எஸ்ஸி. கணிப்பொறிப் படிப்புக்குத் தானே தேர்வு நடத்துகிறது. தனிநிலைக் கணிதம், நிகழ்தகவு, தானியங்கிக் கோட்பாடு, அல்காரிதம், தரவுக் கட்டமைப்பு ஆகியவற்றிலிருந்து வினாக்கள் வரும். கடினமான தேர்வு, ஆனால் மனப்பாடத்துக்கு அன்றிச் சிந்தனைக்கே வேலை. நான் மேலே சொன்ன இரு பாடங்களையும் ஓராண்டு ஊன்றிப் படித்த கணிதப் பிள்ளை துணிந்து எழுதலாம்.

கேட் தேர்வில்தான் நம்மவர் பலர் தடுக்கி விழுகின்றனர். பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருப்பவர் எத்துறையினராயினும் இத்தேர்வை எழுதலாம் என்பது உண்மை. தேர்வு எழுதும் தகுதி வேறு, எம்.டெக். சேரும் தகுதி வேறு! மூன்றாண்டு பி.எஸ்ஸி.யை மட்டும் வைத்துக் கொண்டு கேட்டில் உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும் எம்.டெக். கதவு திறவாது. அதற்கு பி.இ., அல்லது எம்.எஸ்ஸி., எம்.சி.ஏ. போன்ற முதுநிலைப் பட்டம் வேண்டும். அவற்றிலும் எந்த எம்.எஸ்ஸி.யை ஏற்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே கணிதப் பிள்ளை முதலில் எம்.சி.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. கணிதம் முடிக்கும் காலத்தில் கேட் எழுதுவதே முறை. மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். கணிப்பொறித் தாளின் 100 மதிப்பெண்ணில் பொதுத்திறன் 15, கணிதம் 13, எஞ்சிய 72-உம் கணிப்பொறிப் பாடங்களே. 'என் கணிதம் என்னைக் கரை சேர்க்கும்' என்று இருப்போர் இந்த 13-ஐக் கருத்தில் கொள்க. தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் 2024 முதல் தனித் தாள் வந்துள்ளது. புள்ளியியல் பிள்ளைகள் அதனைப் பார்க்கட்டும். கேட் வழி எம்.டெக். சேருவோர்க்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.

எம்.எஸ்ஸி. கணிதம் முடித்தோர் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் எம்.டெக். கணிப்பொறிப் படிப்பையும் மறந்துவிடக் கூடாது. 1931-இல் மகலனோபிஸ் தோற்றுவித்த இக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் ஒரு தாள் முழுவதும் கணிதமே. கோட்பாட்டு ஆய்வில் மனம் செல்லுமாயின் சென்னை தரமணியிலேயே கணித அறிவியல் கழகம் இருக்கிறது.

வெளிநாடு செல்ல விரும்புவோர்க்குச் சில எச்சரிக்கைகள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, நான்காண்டு இளநிலைப் பட்டத்தைக் கேட்கும், மூன்றாண்டு பி.எஸ்ஸி. போதாமல் போகக்கூடும். பிற துறையினர்க்கென்றே வகுத்த படிப்புகளும் அங்குண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2001 முதல் அத்தகைய முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. இங்கிலாந்தில் இவ்வகைக்கு 'கன்வர்ஷன்' படிப்பு என்று பெயர், ஓராண்டில் முடியும். கணிப்பொறிப் பட்டதாரிகளுக்கான உயர்நிலை எம்.எஸ்ஸி. வேறு, இது வேறு. பெயர் ஒன்று போல் இருப்பதால் மாறி விண்ணப்பித்துக் கட்டணத்தை இழப்போர் உண்டு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் அயல்நாட்டினரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-இல் கட்டணம் விதிக்கத் தொடங்கிற்று. அங்கே சேர்க்கை முறை தராசு போன்றது. எத்தனை புள்ளி கணிப்பொறிப் பாடம், எத்தனை புள்ளி கணிதம் என்று எண்ணிப் பார்ப்பர்; குறைந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்க்கு ஏ.பி.எஸ். என்னும் சான்றிதழும் கட்டாயமாயிற்று. வாழ்க்கைச் செலவுக்கென முன்கூட்டியே முடக்கிக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது. 'ஜெர்மனியில் எல்லாம் இலவசம்' என்று சொல்லும் தரகரிடம் இந்தத் தொகையைக் கேட்டுப் பாருங்கள்.

பணத்தைப் பேசும்போது வட்டியைப் பேசாமல் முடியாது. அதன் மார்க்கச் சட்டத்தை விளக்குவது இப்பத்தியின் வேலையன்று. உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள். நான் சொல்வது வரிசை முறையைப் பற்றி. வங்கிக் கடன் வாங்கித்தான் படிக்க முடியும் என்ற முடிவோடு தொடங்காதீர்கள். உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் உள்ள கதவுகளை முதலில் தட்டுங்கள். அவை திறவாவிடின் அடுத்ததை எண்ணலாம். பழைய துண்டறிக்கைகளை நம்பியிருப்போர்க்கும் ஒரு செய்தி: சிறுபான்மையினரின் வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டமும், ஆய்வு மாணவர்க்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டன.

பெண் பிள்ளைகளின் பெற்றோரே! உங்களிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டும். பட்டம் முடித்த பின் மகள் ஓராண்டு வீட்டில் அமர்ந்து இப்பாடங்களைப் படிப்பாளாயின், ஊரார் கண்ணுக்கு அவள் 'சும்மா இருக்கும்' பெண். அந்த ஓராண்டில்தான் சம்பந்தம் பேசுவோர் வரத் தொடங்குவர். அவள் நிரல் எழுத உட்காரும் நேரத்தில்தான் சமையற்கட்டிலிருந்து அழைப்பும் வரும். மகனுக்கு இத்தொல்லைகள் இரண்டும் இல்லை. இது நியாயமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நிக்காஹைத் தள்ளிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் வீட்டு முடிவு. ஆனால் பேச வருவோரிடம், மகள் இன்ன தேர்வு எழுதவிருக்கிறாள், இடம் கிடைத்தால் படிப்பாள் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். பின்னர் சொல்லலாம் என்று விட்டவை பெரும்பாலும் சொல்லப்படுவதே இல்லை. நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்தை அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். பழைய மடிக்கணினி ஒன்றே போதும். புதிதாய் வாங்கி நகையை அடகு வைக்க வேண்டா.

கடைசியாகத் தாள்களைப் பற்றி. நம்மவர் விண்ணப்பங்கள் அறிவில் தோற்பதைக் காட்டிலும் எழுத்துக்கூட்டலில் தோற்பதே கண்டு வருந்துகிறேன். பள்ளிச் சான்றிதழில் முகமது, கல்லூரிப் பட்டியலில் முஹம்மத், ஆதாரில் முகம்மது என மூன்றும் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். வாப்பாவின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும், கடவுச்சீட்டில் முழுதாகவும் நிற்கும். விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டிலேயே பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்தி விடுங்கள்.

சாதிச் சான்றிதழிலும் அவ்வாறே. மாநிலக் கல்லூரிகளில் நமக்கு 2007 முதல் உள்ள 3.5 விழுக்காட்டுக்கு, 'பிற்படுத்தப்பட்டோர் முஸ்லிம்' என்னும் சான்றிதழ் போதும். என்.ஐ.டி., ஐ.ஐ.டி. முதலிய ஒன்றிய அரசு நிறுவனங்களில் அது செல்லாது. அங்கே 27 விழுக்காடு இதர பிற்பட்டோர்க்கானது. அதற்கென ஒன்றிய அரசின் படிவத்தில் தனிச் சான்றிதழும், வசதி மிக்க பிரிவைச் சாராதவர் என்ற குறிப்பும் வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள பிரிவெல்லாம் ஒன்றியப் பட்டியலிலும் இருக்கும் என்று எண்ணிக் கொள்ளாமல் உங்கள் பிரிவைத் தேடிப் பார்த்துக் கொள்ளுங்கள். இச்சான்றிதழை அந்தந்த நிதியாண்டுக்கு உரியதாகக் கேட்பர். சென்ற ஆண்டு வாங்கியதைப் பெட்டியில் வைத்துக் கொண்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டா. கேட் தேர்வுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கும்; தேர்வு பிப்ரவரியில். மற்றத் தேர்வுகள் அதன்பின் கோடை முடிவதற்குள் அடுத்தடுத்து வந்துவிடும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அதற்கு முன்பே ஒரு நாள் ஒதுக்குங்கள்.